வெட்டுமுன் கல்லைப் பாருங்கள்

திருக்கேதீஸ்வரம் அருகிலுள்ள மாந்தை, பல நாட்டுச் சரக்குகள் வந்துபோன பழந்துறைமுகம். சரக்கை அறிந்தவனுக்கே லாபம். இரத்தினக்கல்லிலும் இதுவே பாடம்.

1970களில் பால்நிறக் கெவுடாக் கற்களை நம்மவர் மலிவாக விற்றனர். தாய்லாந்து வியாபாரிகள் அவற்றை வாங்கிச் சூளையில் கடும் சூடேற்றி நீலமாக்கினர். லாபம் அவர்களுக்குப் போனது.

இரத்தினபுரிக்குப் போய்க் கல் வாங்கும் மன்னார் சகோதரர்கள் கவனிக்க: நீலக்கல்லில் நிறம் சீராக இருப்பதில்லை. தண்ணீரில் இட்டு, நிறம் எங்கே நிற்கிறதென்று பாருங்கள். அது வெட்டிய கல்லின் அடிமுனையில் அமைந்தால் முழுக் கல்லும் நீலமாகத் தெரியும். தேய்ந்துபோனால் கல் வெளிறிவிடும். ஆகவே வெட்டுபவரிடம் இதை முன்பே பேசுங்கள். பட்டை தீட்டும்போது பெரும்பாலும் பாதி எடைக்கு மேல் கழிந்துவிடும்; அதைக் கணக்கிட்டே விலை பேசுங்கள். சூடேற்றிய கல்லை, அப்படிச் சொல்லியே விற்க வேண்டும். நீங்களே தோண்டுவதானால், தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் அவசியம்.