கழனிப் பெயரிலிருந்து தொடங்குங்கள்: கரைந்துபோன ஊரின் நினைவைச் சேர்த்துவைக்க ஒரு வழிகாட்டி

காக்களூர் என்ற பெயருக்கு ஒரு குறையும் வரவில்லை. பேருந்துப் பலகையில் இருக்கிறது, சிட்கோ தொழிற்பேட்டையின் பெயரில் இருக்கிறது, ஆவின் பால்பண்ணை முகவரியில் இருக்கிறது. திருவள்ளூர் - ஆவடி சாலையோரம் ஏரியும் இருக்கிறது, ஆஞ்சநேயர் கோயிலும் இருக்கிறது. தேய்ந்துபோவது இவற்றுக்கு நடுவே இருந்த ஊர். எந்த மதகைத் திறந்தால் எந்தக் கழனிக்குத் தண்ணீர் பாயும், மாடு எந்த வழியாக மேய்க்காலுக்குப் போகும், போரடித்த களம் எது, கூத்து கட்டிய திடல் எது என்று தெரிந்திருந்த ஊர்.

அந்த அறிவு இன்று எழுபது எண்பது வயதுக்காரர்கள் சிலரிடம்தான் இருக்கிறது. காக்களூருக்கு மட்டுமல்ல, கும்மிடிப்பூண்டி வரைக்கும் தொழிற்பேட்டை வந்த எல்லா ஊருக்கும் இதே நிலைதான். தேர்வாய்கண்டிகையில் மேய்க்கால் நிலம் சிப்காட் தொழிற்பூங்கா ஆனபோது ஊர்க்காரர்கள் எதிர்த்து நின்றார்கள். தொழிற்பூங்கா வந்துவிட்டது. அந்த மேய்க்காலில் எந்த மூலைக்கு என்ன பெயர் என்பதையாவது இப்போது எழுதி வைக்கலாம்.

நம் மாவட்டத்திலேயே இதற்கு முன்பு ஒரு ஊர் தண்ணீருக்குள் போயிருக்கிறது. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் கட்டி 1944-ல் முடித்தபோது, திருவிளம்பூதூரில் இருந்த திருவெண்பாக்கம் ஊன்றீஸ்வரர் கோயில் மூழ்கும் பகுதிக்குள் வந்தது. சாமியைப் பூண்டிக்குக் கொண்டுவந்து புதிதாகக் கோயில் கட்டினார்கள். கண்பார்வை இழந்து வந்த சுந்தரருக்கு இறைவன் ஊன்றுகோல் கொடுத்த தலம் என்ற கதையும் சாமியோடு சேர்ந்து இடம் மாறியது. பாடல் பெற்ற தலம் என்பதால் அதைத் தூக்கிக் கரையேற்ற ஆள் இருந்தது. அந்த ஊரின் கழனிப் பெயரையும் களத்து மேட்டையும் யார் கரையேற்றுவது? அந்த வேலைக்குத்தான் இந்தக் கட்டுரை. ஆள் பலம் அதிகம் வேண்டாம். இரண்டு பேர், ஒரு கைபேசி, சில நோட்டுகள், ஒரு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் போதும்.

முதல் நோட்டு: பெயர்கள்

“தாத்தா, நம்ம ஊர் வரலாறு சொல்லுங்க” என்று போய் உட்காராதீர்கள். அப்படிக் கேட்டால் ஊருக்குப் பெயர் வந்த கதையும், ஏதோ ஒரு ராஜா வந்த கதையும்தான் கிடைக்கும். அவையும் வேண்டியவைதான், ஆனால் பத்து ஊரில் ஒரே கதையைச் சொல்வார்கள். “உங்க கழனி எங்க இருந்துச்சு? அதுக்குப் பேரு என்ன?” என்று கேளுங்கள். அடுத்த கழனி யாருடையது, தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது, கோடையில் என்ன போட்டீர்கள் என்று ஒவ்வொன்றாக வரும். ஆள் பெயரில் கழனி, மரத்தின் பெயரில் மேடு, சாமி பெயரில் தாங்கல், தொழிலின் பெயரில் மானியம் என்று ஒரு சின்ன ஊரிலேயே நூறு பெயருக்கு மேல் சேர்ந்துவிடும்.

நோட்டில் ஓர் இடத்துக்கு ஒரு பக்கம். பெயர், வேறு பெயர் இருந்தால் அது, சொன்னவர் யார், அங்கே என்ன நடந்தது. கடைசி வரியில், இன்று அந்த இடத்தில் என்ன இருக்கிறது. அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பாலஸ்தீனத்தில் 1948-ல் அழிந்த 418 கிராமங்களை வாலித் காலிதி தொகுத்து 1992-ல் வெளியிட்ட பெரிய நூலில் ஒவ்வொரு ஊருக்கும் இப்படி ஒரு பகுதி உண்டு: இப்போது அங்கே எஞ்சியிருப்பது என்ன. கிணற்றின் கைப்பிடிச் சுவர், ஒரு கள்ளிச்செடி வேலி என்று அது நுணுக்கமாகப் போகும். நம் நோட்டில் “கம்பெனி சைக்கிள் ஸ்டாண்ட்” என்றோ “மனைப்பிரிவு, மூன்றாவது குறுக்குத் தெரு” என்றோ இருக்கும். அந்த வரியை வைத்துக்கொண்டுதான் நாளைக்கு வருகிறவன் அந்த இடத்தில் போய் நிற்க முடியும்.

உட்கார்ந்து கேட்காதீர்கள், நடந்து கேளுங்கள்

இந்த வேலையில் பலன் அதிகம் தருவது இந்தப் படிதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நினைவுக்கு வராதது, இடத்தைப் பார்த்ததும் வந்துவிடும். ஏரிக்கரையிலிருந்து ஆரம்பியுங்கள். கலங்கல் எங்கே, மதகு எத்தனை, ஒவ்வொன்றுக்கும் என்ன பெயர், அதிலிருந்து கால்வாய் எந்தப் பக்கம் போனது என்று கால்வாயைப் பிடித்துக்கொண்டே நடங்கள். ஒரு கட்டத்தில் கால்வாய் ஒரு காம்பவுண்டு சுவரில் முட்டி நின்றுவிடும். அங்கேயே நின்று, “இதுக்கு அந்தாண்ட என்ன இருந்துச்சு?” என்று கேளுங்கள்.

முடியாதவர்களை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப்போங்கள். வெயிலுக்கு முன்னால் காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் ஒன்பதுக்குள் திரும்பிவிடலாம். ஒருவராகக் கூட்டிப்போவதைவிட இருவராகக் கூட்டிப்போவது நல்லது. “களம் இங்க இல்லடா, அந்த வேப்பமரத்தண்ட” என்று ஒருவர் மறுப்பார். அந்தச் சண்டையை விலக்காதீர்கள், இரண்டையும் எழுதுங்கள். பல சமயம் இருவர் சொல்வதும் சரியாக இருக்கும், வேறு வேறு காலத்துக் களமாக.

ஒவ்வொரு இடத்திலும் கைபேசியின் வரைபடத்தில் ஒரு புள்ளியைச் சேமித்து, நோட்டில் உள்ள எண்ணையே அதற்குப் பெயராக வையுங்கள். நான்கு திசைக்கும் நான்கு படம் எடுங்கள். வெறும் சுவர்தானே என்று விடாதீர்கள், அந்தச் சுவரும் பத்து வருடத்தில் மாறிவிடும்.

கரையோரம் பழைய கல் ஏதாவது, சிற்பமோ எழுத்தோ உள்ளதாகக் கண்ணில் பட்டால் நகர்த்தாதீர்கள், மஞ்சள் பூசித் துலக்காதீர்கள். சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். பூண்டியில் அத்துறையின் அகழ்வைப்பகமே இருக்கிறது. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அத்திரம்பாக்கத்தில் கற்கருவிகளைக் கண்டெடுத்த மண் இது. நம் ஊர்க் கல்லை அற்பமாக நினைக்க வேண்டியதில்லை.

யாரைக் கேட்பது

ஊர்ப் பெரியவர்கள் என்றால் நிலம் வைத்திருந்த நான்கு வீட்டு ஆண்கள் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். அவர்களுக்குத் தெரிந்தது ஊரின் ஒரு பங்குதான். மதகு திறந்த நீர்க்கட்டி, அவர் இல்லை என்றால் அவர் மகன். நாற்று நட்ட பெண்கள். சலவைக்காரர், முடிதிருத்துபவர், பிரசவம் பார்த்த ஆயா. ஊரும் சேரியும் தனித்தனியாக இருந்த காலத்தின் கதையை இரு பக்கமும் கேட்க வேண்டும். எந்தத் தெருவில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடவில்லை என்பதும் ஊர் வரலாறுதான். அதை விட்டுவிட்டு ஏரி நிறைந்த அழகை மட்டும் எழுதினால் அது பாதி ஊர்.

இருளர் குடும்பங்களைத் தேடிப் போய்க் கேளுங்கள். பட்டா இல்லாததால் பழைய நிலக் கணக்கில் அவர்கள் பெயரைக் காண்பதே அரிது. எலி வளை, பாம்பு, மூலிகை, ஏரி மீன் என்று அந்த மண்ணின் உயிர்கள் எல்லாவற்றையும் தெரிந்தவர்கள் அவர்கள். பேச்சாகப் பதிந்தால் மட்டுமே அவர்கள் வரலாறு மிஞ்சும்.

யாரும் நினைக்காத இன்னொரு கூட்டம், கல்யாணமாகி வெளியூர் போன பெண்கள். அறுபதுகளில் காக்களூரிலிருந்து வேறு ஊருக்குப் போன ஒரு பெண்ணின் மனதில் உள்ள பிறந்த ஊர், அவர் புறப்பட்ட நாளின் ஊர். இங்கேயே இருந்தவர்களுக்குப் பழையதன்மேல் புதியது ஏறிக் கலந்துவிடுகிறது. வெளியூர் போனவர்களுக்கு அப்படியில்லை. அதேபோல வெளியூரிலிருந்து மருமகளாக வந்தவர்களையும் கேளுங்கள். உள்ளூர்க்காரருக்குப் பழகிப்போனதெல்லாம் அவர்களுக்கு வந்த புதிதில் விநோதமாகத் தெரிந்திருக்கும்: இங்கே கூழ் எப்படிக் காய்ச்சினார்கள், எந்தச் சாமிக்கு என்ன படைத்தார்கள், எந்தச் சொல்லைக் கேட்டுச் சிரித்தார்கள்.

வருடம் கேட்காதீர்கள்

“எந்த வருஷம்?” என்று கேட்டால் “அது இருக்கும் ஒரு அம்பது வருஷம்” என்பார்கள். முளைக்குச்சி அடித்துக் கேளுங்கள். எம்.ஜி.ஆர். இறந்ததற்கு (1987) முன்பா, பின்பா? ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது (1991) இந்தக் கம்பெனி இருந்ததா? கர்ணம், மணியக்காரர் பதவியெல்லாம் போன சமயமா (1980)? திருவள்ளூர் தனி மாவட்டம் ஆன பிறகா (1997)? அதைவிட வீட்டு நிகழ்ச்சிகள் இன்னும் துல்லியம்: “பெரிய பையன் பிறந்தப்போ கழனி இருந்துச்சா?” பையனின் பள்ளிச் சான்றிதழ் வருடத்தைச் சொல்லிவிடும்.

பதிவு செய்யும்போது

மின்விசிறியை நிறுத்துங்கள். கைபேசியை விமானப் பயன்முறையில் வையுங்கள். முந்நூறு நானூறு ரூபாய்க்குச் சட்டைக் காலரில் மாட்டும் மைக் கிடைக்கிறது, அதை வாங்கிவிடுங்கள். தேதி, இடம், பேசுகிறவர் பெயர், கேட்கிறவர் பெயர் ஆகியவற்றை முதலில் உங்கள் குரலில் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம், இன்னொரு நாள் போகலாம். அவர் யோசித்து நிறுத்தும்போது நீங்கள் பேசி நிரப்பாதீர்கள்.

அனுமதியையும் பதிவிலேயே வாங்குங்கள்: இதை எழுதலாமா, குரலை மற்றவர்களுக்குப் போட்டுக் காட்டலாமா, பெயர் போடலாமா. “அதை அணைச்சிடு, சொல்றேன்” என்றால் உடனே அணையுங்கள். நிலத் தகராறும் சாதிச் சண்டையும் அப்படித்தான் வெளிவரும். இன்னும் உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய குற்றச்சாட்டு எதையும் அச்சில் ஏற்றக் கூடாது.

எழுத்தில் பெயர்க்கும்போது பேச்சைத் திருத்தாதீர்கள். நைனா, ஆயா, அந்தாண்ட, இந்தாண்ட, இடையிடையே வரும் தெலுங்கு எல்லாம் அப்படியே இருக்கட்டும். இந்த வடகோடித் தமிழும் தேய்ந்துகொண்டுதான் வருகிறது.

டிரங்குப் பெட்டியும் தாலுகா ஆபீசும்

காகிதத்துக்கு முதலில் வீடுகளில் தேடுங்கள். பழைய கிரயப் பத்திரத்தில் நிலத்தின் நான்கெல்லை எழுதியிருக்கும். இன்னார் கழனிக்குக் கிழக்கு, வண்டிப்பாட்டைக்கு மேற்கு என்ற அந்த இரண்டு வரியில் ஊர் இருக்கிறது. மொய் நோட்டு இன்னொரு புதையல். யார் யார் எந்தெந்த ஊரிலிருந்து வந்து எவ்வளவு எழுதினார்கள் என்பதில் ஊரின் உறவு வட்டம் முழுவதும் கிடைக்கும். திருவிழா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கூத்துக்கு முன்பணம் கொடுத்த ரசீது எதையும் விடாதீர்கள். புகைப்படத்தில் முகங்களுக்குப் பின்னால் இருப்பதைப் பாருங்கள், வைக்கோல் போர், கூரை, கிணறு அங்கேதான் இருக்கும். எதையும் வீட்டுக்கு எடுத்துப் போகாமல், பகல் வெளிச்சத்தில் அங்கேயே படமெடுத்துத் திருப்பிக் கொடுங்கள். இரவல் வாங்கிய ஆல்பம் தொலைந்தால் ஊரில் அடுத்த கதவு திறக்காது.

அரசுப் பதிவேடுகளில் கிராம வரைபடம், புல வரைபடம், ‘ஏ’ பதிவேடு மூன்றும் முக்கியம். கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் புல எண்ணைக் குறிப்பிட்டு விண்ணப்பியுங்கள். தொழிற்பேட்டையின் கொட்டகைகளுக்குக் கீழே இருந்தது கழனியா, மேய்க்காலா, தாங்கலா என்பதைப் பழைய ‘ஏ’ பதிவேடு சொல்லும். ஊர்ப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டையும் தலைமை ஆசிரியர் அனுமதியோடு பாருங்கள்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகிறவர்கள் திருவள்ளூர் மாவட்டம் என்று தேடி ஏமாறாதீர்கள். 1997-க்கு முன்பு இது செங்கல்பட்டு மாவட்டம். திருத்தணிப் பக்கத்து ஊராக இருந்தால் 1960 ஏப்ரல் 1 வரை சித்தூர் மாவட்டம், தெலுங்கு படிக்கத் தெரிந்தவரைக் கூட்டிப்போக வேண்டும். 1879-ல் சி.எஸ். குரோல் எழுதிய செங்கல்பட்டு மாவட்டக் கையேடு அக்காலத்தின் ஏரி, வரி, பஞ்சத்தைப் புரிந்துகொள்ள உதவும். அதற்கும் முன்னால், 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு செங்கல்பட்டு ஜாகிரில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களில் கணக்கெடுத்தார். வீடு எத்தனை, யார் என்ன தொழில், யாருக்கு எவ்வளவு மானியம் என்று ஊர் ஊராக இருக்கும் அந்தக் கணக்கின் ஓலைச்சுவடிகள் சில தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய இரு ஊர்க் கணக்குகள் நூலாகவே வந்திருக்கின்றன. உங்கள் ஊர்க் கணக்கும் கிடைத்தால் இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய அண்டை வீட்டாரை அறிமுகம் செய்துகொள்ளலாம்.

வானத்திலிருந்தும் பார்க்கலாம். கூகுள் எர்த்தில் பழைய வருடத்துப் படங்களைப் பின்னோக்கித் தள்ளிப் பார்க்க முடியும். இன்னும் முந்தையது வேண்டுமானால், 1960 முதல் 1972 வரை அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்களின் ரகசியத் தடை 1995-ல் நீங்கியது. அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் தளத்தில் ஏற்கெனவே வருடிவைத்த படங்கள் இலவசம். ஒன்றைப் பெரிதாக அச்செடுத்துத் திண்ணையில் விரித்துப் பாருங்கள். முதலில் ஏரியைக் காட்டினால் போதும், மற்றதை விரல் வைத்து அவர்களே காட்டுவார்கள்.

பாதுகாப்பது, திருப்பிக் கொடுப்பது

ஒவ்வொரு கோப்புக்கும் தேதி, பெயர், இடம் என்ற வரிசையில் பெயர் வையுங்கள். மூன்று பிரதி: ஒன்று கணினியில், ஒன்று வெளி ஹார்டு டிஸ்க்கில், ஒன்று இணையச் சேமிப்பிலோ வேறு ஊரில் உள்ள நண்பர் வீட்டிலோ. கைபேசியில் மட்டும் இருப்பது பாதுகாத்ததாகாது. அனுமதி கிடைத்தவற்றை இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றுங்கள். அச்சிட்டதை மாவட்ட மைய நூலகத்துக்கும் கன்னிமாராவுக்கும் ரோஜா முத்தையா நூலகத்துக்கும் கொடுங்கள். ஈழத்தில் 2005-ல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தின் எண்ணிமச் சேகரத்தை ஒருமுறை பாருங்கள். கோயில் மலர், பள்ளி மலர் போன்றவற்றையும் அங்கே காத்து வைத்திருக்கிறார்கள்.

புத்தகம் பெரிதாக இருக்க வேண்டாம். அறுபது பக்கம், நடுவில் மடித்து வைத்த ஒரு வரைபடம். அதில் கம்பெனிப் பெயரும் வரட்டும், அதன் அடியில் சிறிய எழுத்தில் கழனிப் பெயரும் வரட்டும். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில் வெளியூர் போனவர்களும் வருவார்கள், அன்றைக்கு வெளியிடுங்கள். பெரிய எழுத்தில் அச்சிட்டால் வயதானவர்களும் படிப்பார்கள், படிக்கத் தெரியாதவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் வாசித்துக் காட்டட்டும். பேசியவர்களுக்கெல்லாம் ஒரு பிரதி கையில் கொடுங்கள், இறந்துவிட்டவர்கள் என்றால் வீட்டுக்குப் போய்க் கொடுங்கள், கூடவே அவர்கள் குரலையும்.

கடைசியில் நான்கு வெற்றுப் பக்கங்கள் விட்டு, தப்பாக எழுதியிருந்தால் இதில் எழுதிக் கொடுங்கள் என்று மேலே அச்சிடுங்கள். அடுத்த ஆடிக்குள் வீடு வீடாகப் போய் அந்தப் பக்கங்களைப் படமெடுத்து வந்து, வரைபடத்தைத் திருத்துங்கள்.