பங்குக் கிணறும் பகிர் கணினியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு இல்லை. நம் முன்னோர் நிலத்தைத் தோண்டி, சுண்ணக்கற் பாறைக்கிடையே நின்ற நீரைக் கண்டு, அதனையே நம்பி வாழ்ந்தனர். தோட்டக் காணியொன்றின் பழைய உறுதியை எடுத்துப் பார்ப்போர், பரப்பும் எல்லையும் கூறிய பின் கிணற்றிற் பங்கும், வழி வாய்க்காற் பாத்தியதையும் எழுதப்பட்டிருத்தலைக் காண்பர். கிணறு ஒன்று, பங்காளிகள் பலர். எவரும் கிணற்றைத் தம் வீட்டுக்கு எடுத்துச் செல்வதில்லை. தத்தம் முறை வரும்போது, தத்தமக்குரிய வாய்க்கால் வழியே நீரைப் பாய்ச்சிக்கொள்வர். இப் பங்குக் கிணற்றின் முறையே கணினி உலகிலும் நிலவுகின்றதென்பதை நம் இளைய மாணவர்க்கு எடுத்துக்காட்டுதல் இக் கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் நேரிற் கண்ட ஓர் அலுவலகத்தில் நான்கு கணினிகள் இருந்தன, அச்சுப்பொறியோ ஒன்றே. அஃது ஒரு கணினியோடு மட்டும் பிணைக்கப்பட்டிருந்தது. ஏனைய மூவரும் தம் கோப்புகளைப் பென் டிரைவிற் பதிந்து கொண்டுவந்து காத்து நிற்பர். இதனால் ஒரே புள்ளிப்பட்டியல் நான்கு இடங்களில் நான்கு வடிவாயிற்று. ஒருநாள் மாணவனொருவனின் கணிதப் புள்ளி ஒரு பிரதியிலே திருத்தப்பட்டது. அச்சானதோ திருத்தப்படாத பிரதி. பிழையான சான்றிதழோடு அப்பிள்ளை மும்முறை அலைந்தான். குற்றம் எழுதுவினைஞருடையதன்று. ஒரு கிணற்றில் அள்ளவேண்டிய நீரை நான்கு குடங்களில் தேக்கி வைத்த முறையே குற்றமுடையது.

இதற்குப் பரிகாரம் யாது? கோப்புகளை ஒரு கணினியில் வைத்து, மற்றையவை அதனிடமிருந்து கேட்டுப் பெறச் செய்தலே. அவ்வாறு கொடுக்கும் கணினியைச் சேவையகம் என்பர். இத்தொழிலுக்கு இயல்பாகவே ஏற்றது யுனிக்ஸ் என்னும் இயங்குதளம். 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே தோன்றிய யுனிக்ஸ், பலர் ஒரு பொறியைப் பயன்படுத்துவர் என்னும் எண்ணத்தோடு வளர்ந்தது. அதில் ஒவ்வொரு கோப்பிற்கும் உரிமையாளர், குழுவினர், பிறர் என மூவகையினர் உளர். வாசிக்க யாருக்கு உரிமை, எழுத யாருக்கு உரிமை என்பது கோப்பிலேயே குறிக்கப்பட்டிருக்கும். 1981இல் ஐ.பீ.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினியோ, பெயருக்கேற்ப ஒருவர் இருந்து வேலை செய்வதற்காக அமைந்தது.

இவ்விரண்டையும் கம்பியாற் பிணைத்துவிட்டாற் போதாது. அவை பேசும் மொழி வேறு. ஐ.பீ.எம். நிறுவனத்திற் பிறந்து மைக்ரோசொப்ட் நிறுவனத்தால் விரிக்கப்பட்ட எஸ்.எம்.பி. என்னும் மொழியைத் தனியாள் கணினிகள் பேசின. யுனிக்ஸ் பொறிகளோ, சன் நிறுவனம் 1984இல் வெளியிட்ட என்.எப்.எஸ். என்னும் மொழியைப் பேசின. இருவரிடையே மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வேண்டியிருந்தது.

அம் மொழிபெயர்ப்பாளரை ஆக்கித் தந்தவர் பெருநிறுவனத்தார் அல்லர், ஒரு மாணவர். அவுஸ்திரேலியாவின் கன்பெரா நகரிலுள்ள தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த அன்ட்ரூ டிரிட்ஜெல் என்பார், 1991ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், தம் தனியாள் கணினியிலிருந்து யுனிக்ஸ் பொறியின் வட்டிலுள்ள கோப்புகளைப் பயன்படுத்த விரும்பினார். டிஜிட்டல் நிறுவனத்தின் மென்பொருளொன்று அந்நிறுவனப் பொறிகளோடு அவ்வாறு பேசுவதை அறிந்தார். அப்பேச்சின் இலக்கணம் அவர் கையில் இல்லை. ஆதலின், கம்பியிற் செல்லும் செய்திகளைப் பிடித்துக் காட்டும் சிறு மென்பொருளொன்றை எழுதி, இன்ன கேள்விக்கு இன்ன மறுமொழி வருகின்றதென உற்றுநோக்கினார். பிரெஞ்சு மொழி அறியாதவன் பிரெஞ்சுக்காரரின் காப்பிக்கடையில் இருந்து, வாடிக்கையாளர் ஒரு சொல்லைச் சொல்ல என்ன பண்டம் மேசைக்கு வருகின்றதெனப் பார்த்துப் பார்த்து மொழி கற்பதற்கு இதனை அவரே பிற்காலத்தில் ஒப்பிட்டார். சில நாட்களில் அவருடைய சேவையகம் மறுமொழி கூறத் தொடங்கிற்று. 1992 சனவரியில் அதனை உலகிற்கு இலவசமாக வெளியிட்டார்.

பின்னர் ஏறத்தாழ ஈராண்டு அவர் அதனை மறந்திருந்தார். தம் மனைவியாரின் விண்டோஸ் கணினியைத் தம் லினக்ஸ் பொறியோடு பிணைக்க வேண்டியபோது பழைய மென்பொருளை எடுத்து முயன்றார். அது வேலை செய்தது! லினக்ஸ் என்பது யுனிக்ஸின் வழியில் எழுந்த, உரிமக் கட்டணமற்ற இயங்குதளம். 1994இல் அம் மென்பொருளின் பெயர் வேறொரு நிறுவனத்தின் வணிகக்குறியாயிருப்பது தெரியவர, எஸ், எம், பி என்னும் எழுத்துகள் முறையே வரும் சொல்லொன்றைக் கணினி அகராதியில் தேடினார். அகப்பட்டது பிரேசில் நாட்டு ஆட்டமொன்றின் பெயர்: சாம்பா. அப்பெயரே இன்றுவரை நிலைத்துள்ளது.

நிற்க. அது வேலை செய்யும் முறையை இனி நோக்குவாம். விண்டோஸ் கணினி முதலிற் சேவையகத்தின் 445ஆம் இலக்க வாயிலைத் தட்டுகின்றது. எஸ்.எம்.பி. மொழியின் எப்பதிப்பிற் பேசுவதென இரண்டும் உடன்படுகின்றன. அதன்பின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சரிபார்க்கப்படுகின்றன. அடுத்து, இன்ன பகிர்வு வேண்டுமெனக் கணினி கேட்கின்றது. பகிர்வு என்பது சேவையகத்தில் திறந்துவிடப்பட்ட ஒரு கோப்புறை. கோப்பைத் திற, வாசி, எழுது, மூடு என வரும் வேண்டுகோள் ஒவ்வொன்றையும் சாம்பா யுனிக்ஸின் செயலாக மாற்றுகின்றது. அப்பயனருக்கு உரிமையுண்டா என்பதை யுனிக்ஸே தீர்மானிக்கின்றது. எனவே புள்ளிப்பட்டியலை ஆசிரியர் யாவரும் வாசிக்கலாம், அலுவலகக் குழுவினர் மட்டும் எழுதலாம் என வரையறுத்தல் எளிது. கிணற்றிற் பங்கும் வாய்க்காற் பாத்தியதையும் இவைதாம்.

ஒருவர் திருத்திக்கொண்டிருக்கும் கோப்பை மற்றொருவர் அதே நேரத்தில் மாற்றிவிடாதவாறு பூட்டும் வசதியும் உண்டு. ஆங்கிலப் பேரெழுத்தையும் சிற்றெழுத்தையும் கோப்புப் பெயரில் யுனிக்ஸ் வெவ்வேறாகவும், விண்டோஸ் ஒன்றாகவும் கொள்ளும்; அப்பிணக்கையும் சாம்பாவே தீர்க்கும். தமிழர்க்கு மகிழ்ச்சி தருவது பிறிதொன்று: 2003இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு யூனிகோட் எழுத்துமுறையை ஏற்றமையால், கோப்புகளுக்குத் தமிழிலே பெயரிடுதல் எளிதாயிற்று.

அச்சுப்பொறியின் கதையும் இத்தகையதே. நான்கு கணினிகளும் அச்சிடவேண்டியவற்றைச் சேவையகத்திற்கு அனுப்பும். சேவையகம் அவற்றை வட்டில் வரிசையாக வைத்து, ஒன்று முடிய மற்றொன்றாக அச்சுப்பொறிக்குக் கொடுக்கும். எழுதுவினைஞர் எழுந்து நின்று காத்திருத்தல் வேண்டா. இவை யாவற்றுக்கும் விதிகள் எழுதப்படுவது ஒரே கோப்பில்: ஒரு பகுதி சேவையகம் முழுவதற்கும் பொது, ஒன்று ஒவ்வொருவரின் சொந்தக் கோப்புறைக்கு, ஒன்று அச்சுப்பொறிகளுக்கு. புதுப் பொறியும் வேண்டியதில்லை. மூலையில் ஒதுக்கப்பட்ட பழைய கணினியொன்றில் லினக்ஸை நிறுவினால் ஒரு சிறு அலுவலகத்துக்குப் போதும்.

சாம்பாவின் நிரல் எவரும் பார்க்கத்தக்கதாய், திருத்தத்தக்கதாய் வெளியிடப்பட்டமையாற் பல நாட்டவரும் அதனை வளர்த்தனர். எனினும் எஸ்.எம்.பி. மொழியின் முழு இலக்கணம் நெடுங்காலம் மறைபொருளாயிருந்தது. 2004இல் ஐரோப்பிய ஆணைக்குழு, பிறர் பொறிகள் விண்டோஸோடு பேசுதற்கு வேண்டிய விவரங்களை வெளியிடுமாறு மைக்ரோசொப்ட் நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. 2007 செப்டெம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. அவ்வாண்டு டிசெம்பரில் 10,000 யூரோ செலுத்தி அவ்விவரங்களைப் பெறச் சாம்பா குழுவினர்க்கு வழி பிறந்தது. காப்பிக்கடையிற் செவிகொடுத்துக் கற்ற மொழிக்கு இலக்கண நூல் கிடைக்கப் பதினாறு ஆண்டு சென்றது.

ஆயினும் எச்சரிக்கை ஒன்று கூறாது விடுதல் தகாது. ஊர் முழுவதும் ஒரு கிணற்றில் அள்ளினால், அக்கிணறு கெடும்போது ஊர் முழுவதும் கெடும். 2017 மே மாதத்தில், எஸ்.எம்.பி. மொழியின் பழைய முதற் பதிப்பை ஏற்ற விண்டோஸ் கணினிகளின் குறையொன்றைப் பற்றிக்கொண்டு, வான்னாக்ரை என்னும் தீநிரல் 150க்கு மேற்பட்ட நாடுகளிற் பரவிற்று. அம்மாதமே சாம்பாவிலும் ஒரு குறை கண்டு திருத்தப்பட்டது. 2019இல் வெளிவந்த 4.11ஆம் பதிப்பிலிருந்து சாம்பா அம் முதற் பதிப்பை இயல்பாகவே அடைத்துவைத்துள்ளது. பழைய நிரலை ஓடவிட்டுப் புதுப்பிக்காது விடுதல், மூடியில்லாக் கிணற்றை முற்றத்தில் விடுதல் போலாம்.

நம் நாட்டிலேயே, 2023 ஆகஸ்டில் அரசின் மின்னஞ்சற் சேவை தாக்குண்டபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மடல்கள் மீட்க முடியாது அழிந்தன. அக்காலத்திற்கு வேறு பிரதி இருக்கவில்லை. பிரதியில்லாதது அழிதலின் துயரை யாழ்ப்பாணத்தாருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1981இல் எரியூட்டப்பட்ட பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அவற்றுள் ஓலைச்சுவடிகளும் இருந்தன.

ஆதலின் சேவையகத்தை அமைக்கும் நாளிலேயே, அதன் பிரதியொன்றை வேறொரு கட்டடத்தில் வைத்தற்கும் ஒழுங்கு செய்தல் வேண்டும். அதற்குக் கருவி தந்தவரும் அதே டிரிட்ஜெல் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. 1996இல் அவர் போல் மக்கரஸ் என்பவருடன் ஆக்கிய ஆர்சிங்க் என்னும் மென்பொருள், நேற்றைய பிரதிக்கும் இன்றைய கோப்பிற்குமுள்ள வேறுபாட்டை மட்டும் அனுப்பும். மெதுவான இணைப்பிலும் நாள்தோறும் பிரதி எடுக்க அஃது உதவும். எடுத்த பிரதிகளுள் ஒன்றேனும் வலையமைப்பிலிருந்து கழற்றி வைக்கப்பட வேண்டும்.

நம் கல்லூரியின் இளைஞருக்கு ஒன்று கூறி அமைவாம். பழைய மாணவர் விழாக் காலங்களிற் கணினிகளை அன்பளிப்பாக வழங்குதல் நன்றே. ஆனால், உள்ள கணினிகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் அறிவைக் கற்றுக்கொள்வீராயின், அவ்வன்பளிப்பு பன்மடங்கு பயன் தரும். கன்பெராவில் ஒரு மாணவர் பொறுமையோடு செவிகொடுத்துக் கற்றதைப் பூட்டிவைக்காது ஊருக்குக் கொடுத்தார்; அதனால் உலகெங்கும் அலுவலகங்கள் பயனடைந்தன. அத்தகைய கிணறொன்றை இக்கல்லூரியிலும் நீங்கள் தோண்டுவீராக. பங்கு பிழையாது, மூடி தவறாது, அதனைக் காப்பீராக.