பலவீனமான புலத்தைக் கழித்துவிடாதீர்கள்

சூலக்கரை, சிவகாசிப் பக்கத்து மாணவர்களுக்குக் கருந்துளையைச் சுற்றும் வாயு வட்டு என்றதும் தரைச்சக்கரம்தான் மனதில் வரும். முதலில் விடவேண்டியது அதைத்தான். சக்கரம் ஒரே உடலாகச் சுழல்கிறது. திரள்வட்டு எனப்படும் இந்த வாயு வட்டிலோ ஒவ்வொரு வளையத்துக்கும் தனி வேகம். மையத்திலிருந்து நான்கு மடங்கு தள்ளிப் போனால் கோணத் திசைவேகம் எட்டில் ஒன்றாகிறது, ஒரு கிலோ வாயுவின் கோண உந்தமோ இரண்டு மடங்காகிறது. இந்த இரண்டையும் தாளில் தனித்தனியே எழுதிவிட்டுத் தொடங்குங்கள். இத்துறையின் குழப்பங்களில் பாதி அங்கேயே தீரும். கோண உந்தம் வெளிப்பக்கம் கூடிக்கொண்டே போனால் ஓட்டம் குலையாது என்பது ரேலியின் விதி. அதன்படி வட்டு அமைதியாகச் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும். மூலக்கூறுகளின் உராய்வும் மிகச் சொற்பம். ஆனால் வாயு உள்ளே விழுகிறது, விழும்போது ஒளிர்கிறது.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர் 1960-இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கான விடை இருந்தது. நன்றாக மின்கடத்தும் பாய்மத்தில் பலவீனமான காந்தப்புலம் ஒன்று இருந்தால், கோண உந்தம் எப்படி மாறுகிறது என்பது பொருட்டல்ல. கோணத் திசைவேகம் வெளிப்பக்கம் குறைந்தாலே ஓட்டம் குலையலாம். ஒரே புலக்கோட்டில் மாட்டிய இரு வாயுத் துணுக்குகளை எண்ணிப் பாருங்கள். உள்ளே இருப்பது முந்தி ஓடுகிறது. கோட்டின் இழுவிசை அதைப் பின்னுக்கு இழுக்க, அது கோண உந்தத்தை இழந்து இன்னும் உள்ளே சரிந்து, இன்னும் விரைகிறது. அது இழந்ததைப் பெற்ற வெளித்துணுக்கு மேலும் விலகுகிறது. புலம் மிக வலுவாக இருந்தால் இழுவிசை இரண்டையும் சேர்த்துப் பிடித்துவிடும். பலவீனமான புலம்தான் ஓட்டத்தைக் குலைக்கிறது! புலத்தைப் பூஜ்யத்தை நோக்கிக் குறைத்துக்கொண்டே போனாலும் ரேலியின் விதி திரும்பி வருவதில்லை. எனவே, ஓர் அளவு சிறியது என்று சமன்பாட்டிலிருந்து நீக்குமுன், அதைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் கிடைக்கும் விடையும் அது இல்லாதபோது கிடைக்கும் விடையும் ஒன்றுதானா என்று பாருங்கள். இத்துறையில் நான் கற்றவற்றுள் இதற்கே முதலிடம் தருவேன்.

வெலிகோவ் என்ற இயற்பியலாளர் 1959-இலேயே இதைக் கண்டார், இருவரும் வட்டுகளை நினைத்து எழுதவில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். வட்டுகளில் இதன் வலிமையை 1991-இல் பால்பஸும் ஹாலியும்தான் காட்டினார்கள். அதுவரை முப்பது ஆண்டுகள் அந்த விடை, அவர்கள் கணக்கிட்ட, சுழலும் உருளைகளுக்கு இடையிலான ஓட்டத்துக்கு உரியதாகவே வாசிக்கப்பட்டது. பழைய நூல்களில் ஒரு கணக்கு எந்த வடிவத்துக்குப் போடப்பட்டது என்பதோடு நின்றுவிடாமல், அதன் நிபந்தனை வேறெங்கே பொருந்தும் என்றும் தேடுங்கள். வெறும் கணிதம் என்ற ஐயத்துக்கு, 2022-இல் பிரின்ஸ்டன் குழு காலியம் கலந்த திரவ உலோகத்தைச் சுழற்றி இந்த நிலையின்மையைக் கண்டதாக அறிவித்தது பதில். இவற்றைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: கோள்கள் பிறக்கும் குளிர்ந்த வட்டுகளின் நடுத்தளத்தில் அயனிகள் மிகக் குறைவு; புலத்துக்கு வாயுவின் மேல் பிடிப்பு இல்லை. அங்கே இந்த விளக்கத்தை அப்படியே பொருத்தக் கூடாது. ஆகவே எந்த வட்டை எடுத்தாலும் முதலில் அயனியாக்கத்தைக் கணக்கிடுங்கள்; புலத்தின் வலிமையைப் பிறகு பார்க்கலாம்.