தூளிக்குள் போகாத ஷூ

அன்புள்ள டாக்டர் தம்பிக்கு,

சங்க மலரில் பிள்ளைகளின் பாதக் கோளாறுகள் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை நேற்று ராத்திரி படித்தேன். பிறவியிலேயே கோணிய பாதத்தை மாவுக்கட்டுப் போட்டு நேராக்கும் பான்செட்டி முறை என்ன, கோணலை அளக்கும் பிரானி மதிப்பெண் எப்படிப் போடுவது என்பதெல்லாம் நம் இருவருக்கும் தெரிந்த கதை. என் தூக்கத்தைக் கெடுத்தது இரண்டாம் பக்கத்துப் படம்.

முழங்காலுக்குக் கீழேயே நின்றுவிட்ட மாவுக்கட்டு! எழுத்தில் தொடை வரை என்று சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள். ஆனால் எழுத்தை யார் படிக்கிறார்கள்? ஏதோ ஒரு ஊர் ஆஸ்பத்திரியில் படத்தைப் பார்த்துத்தான் கட்டப் போகிறார்கள். கைக்குழந்தையின் கால் கொழுக்கட்டை மாதிரி. அரைக்கட்டு இரண்டு நாளில் நழுவி இறங்கிவிடும். நழுவாமல் நின்றாலும் பிரயோஜனமில்லை. முழங்காலை 90 டிகிரி மடக்கித் தொடை வரை கட்டினால்தான் கணுக்காலின் தாலஸ் எலும்பு கூடவே திரும்பாமல் நிற்கும், நாம் வெளிப்பக்கமாகத் திருப்பிய பாதம் திருப்பியபடி இருக்கும்.

அப்புறம் அந்தப் படத்தில் பாதத்தைப் பிடித்திருக்கும் டாக்டரின் கட்டைவிரல். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தாலஸின் தலையில் இருக்க வேண்டிய விரல், கொஞ்சம் முன்னால் தள்ளிப் பாதத்தின் வெளியோரத்தில் அழுத்திக்கொண்டிருக்கிறது. அங்கே அழுத்தினால் குதியெலும்பு திரும்ப வழியில்லாமல் பூட்டிக்கொள்ளும். கைட் என்ற பெரிய மனிதர் செய்த பிழை அது. அவர் பெயரிலேயே நிலைத்துவிட்டது. நானும் அதைப் பல வருஷம் செய்தவன், அதனால்தான் இத்தனை கோபம்.

எங்கள் காலத்தில் மாவுக்கட்டு சரிப்பட்டு வராது என்று ஒரு முடிவோடுதான் மாவையே நனைப்போம். ஒரு வயசு ஆவதற்குள் கத்தி. உள்பக்கமும் பின்பக்கமும் இறுகியிருப்பதையெல்லாம் அறுத்து விடுவிப்போம். மேஜை மேல் பாதம் நேராக வந்து நிற்கும்போது வரும் பெருமை இருக்கிறதே! அப்படி நான் நேராக்கிய குழந்தை ஒன்று இருபத்தைந்து வயசு ஆளாகத் திரும்பி வந்தது. பாதம் பலகை மாதிரி. கணுக்காலில் அசைவே இல்லை. பஸ்ஸில் படியேற ஒவ்வொரு தடவையும் இடுப்பைத் தூக்க வேண்டியிருக்கிறது என்றார். அவருக்கு என் மேல் கோபமில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. அயோவாவிலிருந்து பான்செட்டி 1963லேயே எழுதிவிட்டார். அந்த இதழின் கட்டு எங்கள் நூலக அலமாரியில் இருந்தது. நான் எடுத்துப் பிரிக்கவில்லை. 1995ல் அவருடைய பழைய நோயாளிகளை முப்பது வருஷம் கழித்துப் பார்த்த கட்டுரை வந்தபிறகுதான் எனக்கே உறைத்தது. 78 சதவீதம் பேருக்குப் பாதம் நன்றாகவே இருந்தது. பிறவிக் கோணலே இல்லாதவர்களில் அது 85. இவ்வளவுதான் வித்தியாசம்!

சரி, என் பெரிய வருத்தத்துக்கு வருகிறேன். ஐந்தாறு வாரத்துக் கட்டுக்கு மூன்று பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். குதிநாணைச் சின்னதாக வெட்டிவிட்டுப் போடும் மூன்று வாரக் கடைசிக் கட்டுக்கு ஒரு பக்கம். அதற்குப் பிறகு நாலு வயசு வரை போட வேண்டிய ஷூவுக்கு, "பின்னர் பிரேஸ் அணிய வேண்டும்" என்று ஒரே வரி! தம்பி, கட்டு நம் வேலை, அது முடிந்துவிடும். முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம், பிறகு தூங்கும் நேரமெல்லாம் அந்த ஷூவைப் போடுவது ஒரு அம்மாவின் வேலை. கோணல் திரும்பி வருகிற குழந்தைகளில் பெரும்பாலோர் ஷூ போடாதவர்கள்தான்.

ஏன் போடவில்லை என்று பல வருஷம் திட்டிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் ஒரு பெண் அழுதுகொண்டே சொன்னாள்: "தூளிக்குள்ள போகமாட்டேங்குது சார்." தோள் அகலத்துக்கு ஒரு பட்டை, இரண்டு முனையிலும் வெளியே திரும்பிய ஷூ. சேலைத் தூளியோ இரண்டு பக்கமும் நெருக்கும். பட்டை குறுக்கே மாட்டிக் குழந்தை வீறிட்டு அழும், பாட்டி ராத்திரி கழற்றிவிடுவாள், தெருவே தூங்கும். எந்தப் பாடப்புத்தகத்திலும் தூளி இல்லை. அதுமுதல் கடைசி மாவுக்கட்டைப் பிரித்த அன்றே கேட்டுவிடுவேன், குழந்தை எங்கே தூங்குகிறது என்று. தூளிதான் என்றால் சேலையை விரித்து நிறுத்தக் குறுக்கே நல்ல நீளமாக ஒரு கட்டை. இல்லையென்றால் கொஞ்சநாள் பாய். இரண்டு காலையும் சேர்த்து மடக்கி நீட்டி விளையாடக் கற்றுக்கொடுத்தால் இரண்டு மூன்று ராத்திரியில் குழந்தை பழகிவிடும்.

போடுகிறார்களா என்று வாயால் கேட்காதீர்கள், "போடுறோம் சார்" என்பார்கள். ஷூவை வாங்கிப் பாருங்கள். நாலு மாதம் கழித்தும் வாரில் மடிப்பு விழாமல், ஓட்டை பெரிசாகாமல் இருந்தால் அது பீரோவில் இருந்த ஷூ.

என்னைச் செருப்பு டாக்டர் என்று கேலி செய்வார்கள். செய்யட்டும். பதினாலு வயசுப் பையன் ஒருவன், அடிக்கடி கால் சுளுக்குகிறது என்று வந்தான். ஓடியாடும் பிள்ளை என்று எல்லோரும் பேண்டேஜ் சுற்றி அனுப்பியிருந்தார்கள். அவனுடைய ஹவாய் செருப்பைப் புரட்டினேன். இரண்டிலும் வெளியோரம் காகிதமாகத் தேய்ந்திருந்தது. அப்பாவையும் செருப்பைக் கழற்றச் சொன்னேன். அதே இடம், அதே தேய்மானம். பிறகுதான் இருவருடைய கெண்டைக்காலையும் பார்த்தேன், கொக்குக்கால் மாதிரி மெலிந்திருந்தது. சார்க்கோ-மேரி-டூத், பரம்பரை நரம்பு நோய். உங்கள் கட்டுரையில் இந்த மாதிரி நோயில் வரும் உயர்வளைவுப் பாதம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒரு கால் மட்டும் வளர வளர அப்படி ஆனால் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்க்க வேண்டும், கோளாறு தண்டுவடத்தில் இருக்கலாம் என்பதும் இல்லை.

தட்டைப் பாதத்துக்கு மட்டும் மூன்று வயசிலேயே ஷூவுக்குள் வைக்கும் உள்ளட்டை எழுதச் சொல்லியிருக்கிறீர்கள்! நுனிக்காலில் நிற்கச் சொன்னால் வளைவு எழும்புகிற, வலியில்லாத பாதத்துக்கு வைத்தியம் எதற்கு? 1992ல் ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் கர்நாடகத்தில் 2300 பிள்ளைகளின் பாதச்சுவட்டைப் பார்த்து எழுதியதைப் படியுங்கள். தட்டைப் பாதம் செருப்புப் போட்ட பிள்ளைகளில் 8.6 சதவீதம், வெறுங்காலில் திரிந்தவர்களில் 2.8. நுனிக்காலில் நின்றும் வளைவு எழும்பாத, வலியோடு விறைத்த பத்துப் பன்னிரண்டு வயசுப் பாதம்தான் உங்களுக்கு வேலை. எலும்புகள் ஒட்டியிருக்கின்றனவா என்று சாய்வாக ஒரு எக்ஸ்ரே எடுங்கள்.

ஒன்றைச் சொல்லாவிட்டால் பாவம். குழந்தையின் பாதம் கோணியது கிரகணத்தன்று மருமகள் வெளியே போனதால்தான் என்று சாபமிட்ட மாமியாரை நீங்கள் திட்டாமல், கட்டுப் போடும் நேரத்தில் பாலாடையை அவர் கையில் கொடுத்து ஊட்டச் சொன்னீர்களே, குழந்தையும் அடங்கியது, அவரும் அடங்கினார். அந்த ஆறு வரியை நாலு தடவை படித்தேன். நான் இத்தனை வருஷத்தில் மாமியார்களிடம் கத்தியே தொண்டையைப் போக்கிக்கொண்டவன். அந்த வித்தை எனக்கு வரவில்லை.

அந்தக் குழந்தைக்கு இப்போது எத்தனை மாதம்? அடுத்த தடவை வரும்போது ஷூவின் வாரைக் கிட்டத்தில் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய செருப்பு டாக்டர்