காலித் தொட்டி காலியன்று

ஓடி ஓய்ந்த மகிழுந்து இறுதியில் பழைய இரும்புக் கடையைச் சென்றடைகிறது. தமிழ்நாட்டில் அக்கடையைக் காயலாங்கடை என்பர். தில்லியில் வளரும் தமிழ்ச் சிறுவர்கள் அதனைக் 'கபாடி' என்னும் சொல்லால் அறிந்திருப்பர். பழைய ஊர்திகளை முறையாக உடைப்பதற்கெனப் பதிவுபெற்ற நிலையங்கள் அமைவதற்கு 2021ஆம் ஆண்டில் மத்திய அரசு விதிகளை வகுத்தது. ஊர்தியை வெட்டுவதற்கு முன் மின்கலம், எரிபொருள், எண்ணெய், குளிர்பதன வளிமம் ஆகியவற்றை நீக்குதல் வேண்டும். இவற்றுள் மிகுந்த விழிப்புடன் செய்யத்தக்கது எரிபொருளை நீக்கும் பணியாகும்.

பெட்ரோல் நீர்மமாக இருக்கும்போது எரிவதில்லை. அதன் ஆவியே எரிகிறது. சுழிக்குக் கீழே 40 பாகை செல்சியசு அளவிலான கடுங்குளிரிலும் தீப்பற்றுவதற்குப் போதிய ஆவியை அது வெளியிடும். அவ்வாவி காற்றைவிடக் கனமானது. ஆதலால் அது மேலே எழாமல் தரையை ஒட்டிப் படர்ந்து, பள்ளங்களில் தேங்கி நிற்கும். தொலைவில் உள்ள சிறு தீப்பொறியும் அதனைப் பற்றவைத்துவிடும்.

சிலர் தொட்டிக்குள் குழாயை இட்டு, மறுமுனையை வாயால் உறிஞ்சி எரிபொருளை இறக்குவர். இது பெருந்தவறு. ஒரு மிடறு பெட்ரோல் நுரையீரலுக்குள் புகுந்தாலும் உயிருக்கு ஊறு நேரலாம். விழுங்கியவரை வாந்தி எடுக்கச் செய்வதும் கூடாது. மேலே வரும் பெட்ரோல் நுரையீரலுக்குள் புகக்கூடும். அவரை உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும்.

பயிற்சி பெற்றோர் இப்பணியைக் காற்றோட்டமுள்ள இடத்தில் செய்வர். முதலில் மின்கலத்தின் இணைப்பைத் துண்டிப்பர். குழாயில் பாயும் பெட்ரோல் நிலைமின்சாரத்தை உண்டாக்கும் என்பதால், ஊர்தியையும் எரிபொருளைப் பிடிக்கும் உலோகக் கலத்தையும் கம்பியால் இணைத்து நிலத்தோடு தொடர்புறுத்துவர். பின்னர்த் தீப்பொறி எழாத கருவியால் எரிபொருளை உறிஞ்சி எடுப்பர். பெட்ரோலையும் டீசலையும் ஒன்றாகக் கலவாமல் தனித்தனியே சேமிப்பர். சி.என்.ஜி. ஊர்திகளில் உயர் அழுத்தத்தில் வளிமம் அடைபட்டிருப்பதால், அவ்வுருளைகளை அதற்கெனப் பயின்றவரே கழற்றுவர்.

இவ்வளவும் செய்தபின் தொட்டி காலியாகிவிட்டதென்று எண்ணுதல் இயல்பு. ஆனால் பேராபத்து அங்கேதான் மறைந்திருக்கிறது. நிறைந்த தொட்டியில் காற்றுக்கு இடம் குறைவு. வடித்த தொட்டியிலோ எஞ்சிய ஆவியும் உட்புகுந்த காற்றும் கலந்து நிற்கும். அக்கலவையின் 100 பங்கில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 பங்கு வரை பெட்ரோல் ஆவி இருப்பின், ஒரு பொறி பட்டாலும் அது வெடிக்கும். தொட்டி காலியென்று நம்பி வெட்டுச்சுடரை நீட்டும் தொழிலாளியின் உயிர் நொடியில் பறிபோகலாம். எனவே, தொட்டியைத் தனியே கழற்றி, நீரையோ நைட்ரசன் போன்ற எரியாத வளிமத்தையோ செலுத்தி, ஆவியை முற்றும் வெளியேற்றிய பின்னரே வெட்டுதல் வேண்டும்.

வடித்த எரிபொருளைச் சாக்கடையில் ஊற்றுதலும் தகாது. அது மண்ணில் ஊறி நிலத்தடி நீரைக் கெடுக்கும். கண்ணுக்குப் புலப்படாததை இல்லை என்று கொள்ளாமையே இத்தொழிலின் முதற்பாடம்.

அருஞ்சொற்பொருள்
வளிமம் – வாயு
பாகை – டிகிரி
மிடறு – ஒருமுறை விழுங்கும் அளவு
ஊறு – தீங்கு
வெட்டுச்சுடர் – உலோகத்தை அறுக்கப் பயன்படும் தீச்சுடர்

பயிற்சி
1. பெட்ரோல் ஆவி தரையை ஒட்டிப் படர்வது ஏன்?
2. பெட்ரோலை விழுங்கியவரை வாந்தி எடுக்கச் செய்தல் கூடாது. ஏன்?
3. 'காலித் தொட்டி காலியன்று' – பாடத்தின் வழி விளக்குக.
4. பிரித்து எழுதுக: பேராபத்து, தீப்பொறி, அவ்வாவி.
5. எதிர்ச்சொல் தருக: கனம், நிறைந்த, மேலே.

செயல்பாடு
பழைய பொருள்களை வாங்கும் கடைக்கு உங்கள் பாட்டி, தாத்தா ஊரில் வழங்கும் பெயரைக் கேட்டறிந்து, நீங்கள் வாழும் ஊரில் வழங்கும் பெயருடன் சேர்த்து எழுதுக.