பசுவா, ஆடா? தோட்டத்து நினைவும் இன்றைய கணக்கும்

ரப்பர் தோட்டத்தை விட்டு வெளியேறி, பேராக்கின் சுங்கை சிப்புட்டிலோ கோப்பெங்கிலோ தாப்பாவிலோ வீட்டோடு கொஞ்சம் நிலம் வாங்கியவர்களுக்கு, வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஒரு பால்மாடு ஆசை வரும். பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருக்கமாட்டார்: "மாடு எதுக்குண்ணே, நாலு ஆட்டை வாங்கி விடுங்க." இரண்டு பேச்சிலும் நம்பிக்கைதான் அதிகம், கணக்கு குறைவு.

"அப்பா காலத்தில் லயத்துக்குப் பின்னால் மூன்று மாடு நின்றது, செலவே இல்லை" என்பார்கள். நின்றது உண்மை. ஆனால் செலவை ஏற்றுக்கொண்டது தோட்டம். ரப்பர் மரங்களுக்கு இடையே வெளிச்சம் இறங்கும், புல் முளைக்கும், துரை கண்டுகொள்ளாவிட்டால் மாடு மேயும். இந்தியாவிலிருந்து வந்த ரகங்களின் வழிவந்த சிறு மாடுகள் அவை. இரண்டு மூன்று லிட்டர் கறந்தாலே பெரிது. ஆனாலும் வெயிலையும் உண்ணியையும் தாங்கின. இன்று அதே நிலத்தில் செம்பனை. வளர்ந்த செம்பனைக்கு அடியில் நிழல் கூடுதல், புல் சொற்பம். செம்பனை இளங்கன்றாக இருந்தால் ஓலையை மாடு கடித்துவிடும் என்று நிர்வாகம் உள்ளே விடாது. போதாததற்குக் களைக்கொல்லி. 2020 ஜனவரி 1 முதல் பாராகுவாட்டுக்குத் தடை வந்துவிட்டது; மற்ற மருந்துகள் அடிக்கத்தான் செய்கிறார்கள்.

ஆக, புல்லை நாமே வளர்த்து, அறுத்து, சுமந்து போடவேண்டும். 400 கிலோ எடையுள்ள பசுவுக்குத் தினமும் 40 கிலோ பச்சைப் புல், ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 15 டன். நேப்பியர் புல் நட்டு நன்றாக எருப் போட்டால் அரை ஏக்கருக்குள் இது விளைந்துவிடும். நிலம் பெரிய சிக்கலில்லை. அடைமழையிலும் தீபாவளியன்றும் அரிவாளோடு இறங்குவது யார்? பிள்ளைகள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள்.

"ஃப்ரீசியன் பசு வாங்கினால் இருபது லிட்டர்" என்பது குளிர்நாட்டுக் கணக்கு. 25 டிகிரியைத் தாண்டினாலே அதற்குத் தீனி இறங்காது. ஈப்போவில் மதிய வெயில் 32, 33. அதனால்தான் ஃப்ரீசியனையும் சாஹிவாலையும் கலந்து மாஃப்ரிவால் ரகத்தை இங்கே உருவாக்கினார்கள். அதிலும் நாளுக்குப் பத்து லிட்டருக்குள் கணக்குப் போடுவதே புத்தி.

பால் கணக்கை எல்லாரும் போடுகிறார்கள், கன்றுக் கணக்கை யாரும் போடுவதில்லை. ஈன்றால்தான் பால், ஈனுவதில் பாதி காளைக்கன்று. வயதாகி வற்றிய பசுவும் ஒருநாள் வந்து நிற்கும். வாங்க வருபவர் யார், எதற்கு வாங்குகிறார் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும், ஆனால் பேசமாட்டார்கள். பசுவை லட்சுமி என்று கும்பிடுகிற குடும்பம் மாடு வாங்குவதற்கு முன்பே இதைப் பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது. ஆட்டில் இந்தச் சங்கடம் இல்லை. ஆடி மாதப் பூசை, முனீஸ்வரர், மதுரை வீரன், தீபாவளி, ஹஜ்ஜுப் பெருநாள் என்று கிடாக்குட்டிக்கு ஆண்டு முழுவதும் ஆள் வரும்.

அதற்காக "ஆடு எதையும் தின்னும், தானாக வளரும்" என்பதை நம்பிவிடக்கூடாது. ஆடு பொறுக்கித் தின்கிற பிராணி. மிதித்த புல்லைத் தொடாது. பேராக்கில் ஆட்டுக்கு முதல் எதிரி ஈரம். மழைக்குப் பேர்போன தைப்பிங் பக்கம் கேட்கவே வேண்டாம். ஈரப்புல்லில் ஏறிவரும் வயிற்றுப்புழு ரத்தத்தை உறிஞ்சும். கண்ணிமையின் உட்புறம் வெளுக்கும், தாடைக்கடியில் நீர் தொங்கும், பிறகு ஒரு காலையில் ஆடு எழுந்திருக்காது. ஒரே பூச்சிமருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் புழு அதற்குப் பழகிவிடும். தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய, சந்துவிட்டுப் பலகை அடித்த கொட்டகையும், பனி காய்ந்தபிறகு அறுத்துப் போடும் தழையும்தான் காக்கும்.

இருப்பதிலேயே ஆபத்தான நம்பிக்கை, ஆட்டுப்பாலைப் பச்சையாகக் குடித்தால்தான் மருந்து என்பது. ஆஸ்துமாவுக்கும் டிங்கிக்கும் இதைத் தேடி அலைகிறார்கள். இரண்டையும் அது குணப்படுத்தும் என்பதற்கு ஆதாரமில்லை. நடந்தது என்னவென்றால், பக்கத்துப் பினாங்கில் 2010, 2011-இல் ஒரே பண்ணையின் காய்ச்சாத ஆட்டுப்பாலைக் குடித்த 79 பேருக்குப் புரூசெல்லா என்ற கிருமியால் காய்ச்சல் வந்தது. பண்ணைக்காரரும் அதைக் குடித்துப் படுத்தவர்தான். காய்ச்சல் தொடங்கி, நோய் இன்னதென்று தெரியவே சராசரியாக 53 நாள் ஆனது. பொங்கக் காய்ச்சினால் அந்தக் கிருமி செத்துவிடும். அடுப்பில் வைக்காமல் பால் குடிக்காத நம் பாட்டிமார் இந்த விஷயத்தில் சரியாகவே இருந்திருக்கிறார்கள்.

ஆட்டுப்பாலின் கொழுப்புத் துளிகள் சிறியவை. சிலருக்கு எளிதில் செரிக்கும். ஆனால் பசும்பால் ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாது. ஃபோலேட் சத்து மிகக் குறைவு என்பதால், தாய்ப்பாலுக்குப் பதிலாக இதை மட்டுமே கொடுத்து வளர்க்கும் பிள்ளைக்கு ரத்தசோகை வரலாம்.

கணவன் மனைவி இருவர், பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு மட்டும் என்றால் நான் ஆட்டின் பக்கம்தான்: ஜம்னாபாரி அல்லது சானென் கலப்பில் இரண்டு பெட்டை. ஒவ்வொன்றும் ஒரு லிட்டர் கொடுத்தாலும் வீட்டுக்குத் தாராளம். சினை 150 நாள்தான்; அரையாண்டு இடைவெளியில் ஈனும்படி கிடா சேர்த்தால் வீட்டில் பால் நிற்காது. ஒற்றைப் பசு வற்றினால் இரண்டு மாதமாவது கடைப்பால். புல் அறுக்க வீட்டில் இளவட்டம் ஒருவர் இருந்து, தினம் எட்டு லிட்டரை வாங்கிக்கொள்ள அக்கம்பக்கமும் சாப்பாட்டுக் கடையும் தயாராக இருந்தால் பசுவைக் கட்டலாம். எதுவானாலும், கொட்டகைப் பலகைக்கு விலை கேட்டுவிட்டுப் பிறகு சந்தைக்குப் போங்கள்.