எம்.எஸ்சி. நர்சிங்: எந்தப் பிரிவு எடுப்பது?

பி.எஸ்சி. நர்சிங் முடித்து வார்டில் ஓராண்டு ஓடியதும் வீட்டில் பேச்சு தொடங்கிவிடும்: அடுத்து என்ன படிப்பு? இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி எம்.எஸ்சி.யில் சேரப் பட்டப்படிப்பில் 55 சதவீத மதிப்பெண்ணும் ஓராண்டு பணி அனுபவமும் வேண்டும். 2 ஆண்டுப் படிப்பு. மெட்-சர்ஜ், மகப்பேறு, குழந்தை நலம், மனநலம், சமுதாய நலம் என்று 5 பிரிவுகள். விதியில் குழப்பமில்லை. குழப்பமெல்லாம் சீனியர்களின் அறிவுரையில்தான்.

நம்பிக்கை: மெட்-சர்ஜ் எடுத்தால்தான் வேலை.

அதில் வேலை அதிகம் என்பது சரி. அதைப் படித்துவிட்டு வரிசையில் நிற்பவர்களும் அதிகம் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. நர்சிங் கல்லூரிகளுக்கு ஐந்து பிரிவுகளிலும் ஆசிரியர்கள் தேவை. மேலும் மெட்-சர்ஜுக்குள்ளேயே இதயம், தீவிர சிகிச்சை, புற்றுநோய், நரம்பியல், சிறுநீரகம், எலும்பு என உட்பிரிவுகள் உண்டு. கேத் லேப் இல்லாத மருத்துவமனையை நம்பி இதயப் பிரிவில் சேர்வது, தண்ணீரில்லாத குளத்தில் நீச்சல் பழகுவது போலத்தான். கல்லூரிக் கட்டடத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் அதன் மருத்துவமனையைப் போய்ப் பாருங்கள்.

நம்பிக்கை: வேறு சீட் கிடைக்காதவர்கள் எடுப்பதுதான் சைக்யாட்ரி.

இருப்பதிலேயே அநியாயமான நம்பிக்கை இதுதான். 'பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் வேலை என்றால் நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள்?' என்று கேட்கும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநலச் செவிலியரைத் தனியாக வரையறுத்து, மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்யச் சொல்கிறது. மாவட்ட மனநலத் திட்டக் குழுவில் அவருக்கு இடம் உண்டு. பெங்களூரு நிமான்ஸில் இந்தப் பிரிவுக்கென்றே முதுநிலைப் படிப்பு நடக்கிறது. போதை மீட்பு, முதியோர் மறதிநோய், பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு என்று வேலைக் களமும் விரிந்துகொண்டே போகிறது. அறுவை சிகிச்சை வார்டில் நள்ளிரவில் ஒரு நோயாளி திடீரென்று குழம்பிப்போய் டிரிப்ஸைப் பிடுங்கி எறியும்போது, கை காலைக் கட்டாமல் பேசியே அடக்கத் தெரிந்தவர் யார் என்று அங்கிருக்கும் சிஸ்டரைக் கேட்டுப் பாருங்கள்.

நம்பிக்கை: எம்.எஸ்சி. முடித்தால் வார்டில் பதவியும் சம்பளமும் தானாக உயரும்.

உயராது. தமிழ்நாட்டில் எம்.ஆர்.பி. நடத்தும் செவிலியர் தேர்வுக்கு டிப்ளமோவோ பி.எஸ்சி.யோ போதும். எய்ம்ஸ் நர்சிங் ஆபீசர் பணிக்கும் முதுநிலைப் பட்டம் கட்டாயமில்லை. புற்றுநோய்ப் பிரிவில் படித்தவரைப் பிரசவ வார்டில் போட்டாலும் கேட்க ஆளில்லை. இன்றைய நிலையில் இந்தப் பட்டம் பெரும்பாலும் ஆசிரியர் பணிக்கான தகுதிதான். பாடம் நடத்தப் பிடிக்காதவர்கள் இதைத் தெரிந்துகொண்டே சேர வேண்டும். நோயாளி அருகிலேயே இருக்க விரும்புகிறவர்களுக்குத் தீவிர சிகிச்சைக்கான 'நர்ஸ் பிராக்டிஷனர்' முதுநிலைப் படிப்பு உண்டு. அதிலும் 2 ஆண்டுகள்தான், பெரும்பகுதி ஐசியூவிலேயே கழியும். ஆனால் அந்தப் பெயரில் பணியிடங்கள் இன்னும் பரவலாக உருவாகவில்லை. அதேபோல், தனித்துப் பிரசவம் பார்க்கும் மிட்வைஃப் ஆக நினைப்பவர்கள் மகப்பேறு எம்.எஸ்சி.யோடு நின்றுவிடாமல், மத்திய அரசின் 2018 வழிகாட்டுதலில் சொல்லப்பட்ட 18 மாதப் பயிற்சியையும் விசாரிக்க வேண்டும்.

நம்பிக்கை: வெளிநாடு போக எம்.எஸ்சி. வேண்டும்.

அமெரிக்காவின் என்கிளெக்ஸ் தேர்வுக்கும், பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்வதற்கும் அது தேவையில்லை. பிரிட்டனில் பலரைத் தடுப்பது ஆங்கிலம்: ஐஇஎல்டிஎஸ் எழுத்துப் பகுதியில் 6.5, மற்றவற்றில் 7 வேண்டும். இந்திய எம்.எஸ்சி.யைக் காட்டி அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனர் ஆகிவிட முடியாது. ஏஜென்ட் வேறு மாதிரி சொன்னால் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், அவர் முகம் மாறும்.

சீட்டுக்குப் பணம் கட்டும் முன், அதே கல்லூரியில் இரண்டாமாண்டு படிக்கும் ஒருவரைத் தேடிப்பிடித்து மூன்று விஷயங்கள் கேளுங்கள்: உங்கள் பிரிவு வார்டில் நோயாளிகள் நிறைந்திருக்கிறார்களா? தீசிஸ் கைடு பெயருக்கு இருக்கிறாரா, உண்மையிலேயே உட்கார்ந்து திருத்துகிறாரா? போன ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள்?